தாளில் இல்லாத ஊர்

குரங்கணியில் ஏலப்பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். தட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும், இலைகள் தலைக்கு மேல் வளைந்து நிழல் கட்டும். அங்கே தேடினால் பூ கிடைக்காது. பூவும் பிஞ்சும் காயும் தூரில், ஈரச் சருகின் மேல், சரம் சரமாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். வெள்ளை இதழின் நடுவில் ஊதாக் கோடுகள் இழுத்த சின்னஞ்சிறு பூ அது. காய் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் வேலை பார்க்க நேர்வது இந்தச் செடியின் பிறவி அமைப்பால்தான்.

இந்தச் செடியின் விதைக்கு நாட்டு மருந்துக் கடையில் ஏலரிசி என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், ஏலத்தரி. உலகம் முழுவதும் தாவரவியலார் ஏலக்காய்க்கு வைத்திருக்கும் பெயர் எலெட்டாரியா கார்டமோமம். அந்த முதற்சொல் லத்தீன் உடை போட்ட ஏலத்தரியேதான். லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு மாணவர் ஏலக்காயின் அறிவியல் பெயரை எழுதும்போது, மேற்குத்தொடர்ச்சி மலையில் காய் உரித்த யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லை எழுதுகிறார்.

அந்தச் சொல் அங்கே போன வழி சுவையானது. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட ஒரு பெருநூலைச் செய்வித்தார். ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற அந்த நூல் ஆம்ஸ்டர்டாமில் 1678இல் வெளிவரத் தொடங்கியது. 1692இல் வந்த 11ஆம் தொகுதியில் ஏலம் ‘எலெட்டரி’ என்ற பெயரோடு இருக்கிறது. லின்னேயஸ் 1753இல் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்து அமோமம் என்றார். பம்பாயில் பணியாற்றிய டேவிட் வைட் என்ற மருத்துவர் மலபார் ஏலச்செடியை நேரில் பார்த்து எழுதிய விவரிப்பு 1811இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வந்தது. அதை ஒட்டி, வில்லியம் ஜார்ஜ் மேட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, ரீடின் நூலில் இருந்த நம் சொல்லையே அதற்குப் பெயராக எடுத்துக்கொண்டார். அறிவியல் வழக்குப்படி செடியின் பெயருக்குப் பின்னால் இன்று மேட்டனின் பெயர் நிற்கிறது.

ரீடின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் செடிப் படம் எதுவும் இல்லாத ஒரு பக்கம். முதல் தொகுதியின் தொடக்கத்தில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், செடிகளின் பெயரையும் மருந்துக் குணத்தையும் தாம் சொன்னதாகத் தம் கையால் எழுதிக் கொடுத்த சான்று அச்சாகியிருக்கிறது. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் அவர்களுடைய எழுத்திலேயே இருக்கிறது. செடியைக் காட்டியவர் யார், பெயர் சொன்னவர் யார் என்பதை 1678இல் ஒரு நூல் முகப்பிலேயே சொல்லிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு 150 ஆண்டு கழித்து நம் பக்கம் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

*

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி சுமார் 16 கிலோமீட்டர். மாந்தோப்பும் இலவ மரங்களும் முடிந்து, கொட்டகுடி ஆற்றை ஒட்டிச் சாலை வளைந்து ஏறும். ஊரைத் தாண்டினால் ஜீப் போகும் தடம், அதையும் தாண்டினால் நடைபாதை. மேலே முதுவாக்குடி, சென்ட்ரல், உச்சியில் டாப் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் 7,000 அடிக்கு மேலே கொழுக்குமலை. ‘ஸ்டேஷன்’ என்ற பெயர்களைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் ரயில் நிலையத்தைத் தேடுவார்கள். தேடுவதில் தவறில்லை. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது.

செடி பார்க்கிறவருக்கு இந்தச் சரிவு ஒரு பெரிய புத்தகம். அடியில் முள்ளும் புதரும் நிறைந்த வறண்ட காடு, நடுவில் ஏலமும் காப்பியும், ஓடையோரம் ஈரக்காடு, மேலே புல்வெளியும் சோலையும். ஒரே நாள் நடையில் நாலு காலநிலைகளைக் கடந்துவிடலாம். அப்படியிருந்தும் பழைய தாவரவியல் நூல்களில் உச்சிகளுக்குக் கிடைத்த இடம் சரிவுகளுக்குக் கிடைக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன் 1915இல் வெளியிட்ட நூலின் தலைப்பே அதைச் சொல்லிவிடும்: நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதித் தாவரங்கள், அதாவது 6,500 அடிக்கு மேற்பட்டவை. உதகை, கோத்தகிரி, கொடைக்கானல் என்று வெள்ளையர் கோடைக்குத் தங்கிய ஊர்களைச் சுற்றி உள்ள செடிகள் அவை. நூல் அருமையான நூல்தான். அவர் மனைவி டயானா ஃபைசன் வரைந்த படங்கள் அதில் உண்டு. ஆனால் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவில் உள்ள காட்டை, மலேரியாவுக்குப் பயந்து, பகலோடு பகலாகக் கடந்துபோன காலம் அது. குரங்கணி அந்த நடுவில் இருக்கிறது.

*

அந்நிய மண்ணில் செடி தேடிய வாழ்க்கை என்றால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராபர்ட் வைட். 1796இல் ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தவர், எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1819இல், 23 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். படைக்கு மருத்துவம் பார்ப்பது வேலை. செடி சேர்ப்பது உயிர். 1826இல் கம்பெனி அவரைச் சென்னையின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. இரண்டே ஆண்டில் செலவைக் காட்டி அந்தப் பதவியையே ஆளுநர் லஷிங்டன் ஒழித்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராகப் போனார். செடி சேர்ப்பதை அங்கும் விடவில்லை. இனி சம்பளத்திலிருந்து சொந்தச் செலவு.

1831இல் அவர் விடுப்பில் ஊர் திரும்பியபோது கப்பலில் ஏறியவை: உலர்த்திய செடி மாதிரிகள் சுமார் 1,00,000, இனங்கள் 3,000 முதல் 4,000 வரை, மொத்த எடை இரண்டு டன். இந்த எண்ணிக்கையை நான் முதலில் படித்தபோது மலைத்துப்போனேன். ஒரு செடியை நானே உலர்த்திப் பார்த்த பிறகுதான் அதன் உண்மையான பாரம் புரிந்தது. பச்சைச் செடியைத் தாளுக்கு நடுவே பரப்பி, இலையில் ஒன்றிரண்டை முதுகு தெரியும்படி திருப்பி வைத்து, பலகையிட்டு இறுக்க வேண்டும். மறுநாள் தாளை மாற்ற வேண்டும், அதற்கு மறுநாளும் மாற்ற வேண்டும். சாரல் காலத்தில் ஈரத்தாளைத் தீயில் காட்டி உலர்த்தித்தான் மறுபடி பயன்படுத்த முடியும். ஒரு நாள் விட்டால் பூசணம் பிடிக்கும், இலை கறுக்கும், பூ உதிரும். லட்சம் மாதிரி என்றால் பல லட்சம் முறை தாள் மாற்றிய கைகள் இருந்திருக்கின்றன. அவை ஒரு மருத்துவரின் இரண்டு கைகளாக இருக்க முடியாது.

இருக்கவும் இல்லை. வைட் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருந்தார். அவர் ஓரிடத்தில் பணியில் இருக்கும்போது அவர்கள் மலைகளுக்குப் போய்ச் செடி கொண்டுவந்தார்கள். மரம் ஏறியது, அட்டைக்கடி பட்டது, கட்டைத் தலையில் சுமந்து இறங்கியது எல்லாம் அவர்கள். ஸ்காட்லாந்தில் வைட்டும், அவருடைய பள்ளித் தோழர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட்டும் அந்தக் குவியலை முன்னால் வைத்துக்கொண்டு இரவும் பகலும் உழைத்து, தென்னிந்தியச் செடிகளுக்கு முறையான முதல் நூலை 1834இல் வெளியிட்டார்கள். தென்னிந்தியத் தாவரவியல் இன்றைக்கும் அந்த ‘புரோட்ரோமஸ்’ நூலின் தோளில்தான் நிற்கிறது.

திரும்பி வந்த வைட் பாளையங்கோட்டையில் இருந்தார், குற்றாலத்தில் சேகரித்தார். 1836இல் பழனி மலைக்கு ஏறினார். அதைப் பற்றி மறு ஆண்டு அவர் சென்னை இலக்கிய, அறிவியல் ஏட்டில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் பழனி மலைக்கு ‘வராககிரி’ என்ற பெயரையும் சேர்த்தே போட்டார். அந்த மலையின் தென்மேற்கு ஓரம் நீண்டு வந்து கண்ணன் தேவன் மலைகளோடு கைகோக்கும் மடிப்பில்தான் நம் குரங்கணிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் சோதனைக்கு அவர் தலைமை ஏற்றார். பருத்திக்காகக் கிடைத்த சம்பளத்தைச் செடிப் படங்களை அச்சிடுவதில் போட்டார். 1838 முதல் 1853 வரை அவர் சென்னையில் கல்லச்சில் வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ நூலில் 2,101 படங்கள். 1853இல் இந்தியாவை விட்டுப் போனார். 1872இல் இங்கிலாந்தில் இறந்தார்.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள். முதலில் ரங்கையா, 1840களின் நடுவிலிருந்து கோவிந்து. தஞ்சாவூர் ஓவிய மரபில் கை பழகியவர்கள் நுண்ணோக்கியின் கீழ் சூலகத்தை அறுத்துப் பார்த்து வரையக் கற்றுக்கொண்டார்கள். வைட் இவர்களை மறைக்கவில்லை. படத்தின் அடியில் ‘ரங்கையா வரைந்தது’, ‘கோவிந்து வரைந்தது’ என்று அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அது வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்று கண்டதால் அந்தப் பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது. எடின்பரோ தாவரவியல் பூங்காவின் ஹென்றி நோல்ட்டி 2007இல் மூன்று தொகுதிகளில் வைட்டின் வாழ்க்கையையும் இவ்விரு ஓவியர்களின் படங்களையும் வெளிக்கொண்டுவந்தது பெரிய தொண்டு. வரைந்தவர் பெயர் படத்தில் இருந்தது, அதனால் மீட்க முடிந்தது. செடியைக் கொண்டுவந்தவர் பெயர் தாளில் இல்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஆள் பெயர் போனதோடு ஊர்ப் பெயரும் போயிற்று. வைட்டின் மிகுதி மாதிரிகள் 1866-67இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து உலகின் பல காப்பகங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அவற்றின் மேல் ஒட்டிய அச்சுச் சீட்டில் இடம் என்று இருப்பது ‘பெனின்சுலா இண்டியே ஓரியன்டாலிஸ்’. கிழக்கிந்தியத் தீபகற்பம் என்று பொருள். நாகப்பட்டினத்து உப்புமண்ணில் பறித்த செடிக்கும் நீலகிரிச் சோலையில் பறித்த செடிக்கும் ஒரே விலாசம். வைட்டின் எல்லாத் தாளும் அப்படி இல்லை என்பது உண்மைதான், சிலவற்றில் குற்றாலம் என்றும் பழனி என்றும் கையெழுத்து உண்டு. ஆனால் பல மூலமாதிரிகள், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது சாட்சியாக நிறுத்தப்பட்ட தாள்கள், ஊர் இல்லாமல் நிற்கின்றன.

இதில் வைட்டைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் காலத்து அறிவியல் கேட்ட கேள்வி ‘இது என்ன?’ என்பது மட்டும். வகைப்பாட்டில் எங்கே வைப்பது, எந்தக் குடும்பம், பேரினம் எது என்று தெரிந்தால் போதும். ‘இது எங்கே நின்றது, பக்கத்தில் எது நின்றது, அந்த இடத்துக்கு அங்குள்ளவர் என்ன பெயர் சொன்னார்’ என்ற கேள்விகள் பின்னால் வந்தவை. அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் அவருடைய முற்றத்திலேயே நின்றார்கள் என்பதுதான் வருத்தம். எந்தச் சரிவில், எந்த ஓடைக்கு மேலே பறித்தோம் என்பதை அந்தச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொருவரும் சொல்லியிருப்பார்கள். கேட்டு எழுதியிருந்தால், ஒரு சீட்டில் இரண்டு சொல்.

கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். வைட்டுக்கு முந்தைய தலைமுறையில் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் இருந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் ஜெரார்ட் கூனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்து, சயாம், மலாக்கா வரை போய்ச் செடி சேர்த்து, 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார். அவரிடம் செடி பார்க்கக் கற்றவர்களில் ஒருவர் பாதிரியார் ரோட்லர். ஸ்ட்ராஸ்பர்கில் பிறந்த யோஹான் பீட்டர் ரோட்லர் 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திரும்பிப் போகவேயில்லை. 60 ஆண்டு இந்த மண்ணில் வாழ்ந்து 1836இல் சென்னை வேப்பேரியில் இறந்தார். நம்மில் பலர் அவரைத் தமிழ்-ஆங்கில அகராதி செய்தவராக மட்டும் அறிவோம். 1834இல் அதன் முதற்பகுதி வெளிவந்தது, அவர் இறந்த பின் 1841இல் நிறைவுற்றது. செடி சேர்த்த அதே கைதான் சொல்லும் சேர்த்தது. ஒருவர் ஒரு நாட்டின் செடியைத் தேடி வந்து, அந்தச் செடியை அழைக்கும் மொழியையும் தேடத் தொடங்கினால் அந்த வேலைக்கு வேறொரு ஆழம் வந்துவிடுகிறது.

*

எந்தச் சரிவு என்பது வெறும் குறிப்பு அல்ல, சில வேளைகளில் அதுவே எல்லாம். நீலகிரிக்கு வந்த சின்கோனா மரத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. மலேரியாவுக்கு மருந்தான கொயினா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் உள்ள சின்கோனாப் பட்டையிலிருந்து வந்தது. அதை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுக் காட்டுக்குப் போனார். கன்று வெளியே போகக் கூடாது என்று உள்ளூர் அதிகாரிகள் தடுத்த இடங்களில் சுற்றிப் போய், நூற்றுக்கணக்கான கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார். செங்கடல் வெயிலைத் தாண்டி உதகை வந்து சேர்ந்த அந்தக் கன்றுகள் எல்லாம் பட்டுப்போயின. அதே நேரத்தில் ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்புரூஸ், முதுகும் காலும் வாதத்தில் மடங்கிய நிலையில், சிவப்புப் பட்டை மரத்தின் விதையைச் சேர்த்தார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கன்றுகளைக் கப்பலில் காத்துக் கொண்டுவர, 1861 ஏப்ரலில் 463 கன்றுகள் உதகை சேர்ந்தன. நீலகிரியில் வேர்விட்டது அந்த இனம்தான். வளர்ந்தது, ஆனால் கொயினா குறைவு.

கொயினா நிறைந்த மரம் பொலிவியாவில் எந்தத் தோப்பில் நிற்கிறது என்பது அய்மாரா இனத்தைச் சேர்ந்த மனுவேல் இங்க்ரா மமானிக்குத் தெரியும். பட்டை வெட்டும் தொழிலில் தேர்ந்த அவர், சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வணிகரிடம் வேலை பார்த்தவர். பார்த்து வைத்த மரங்களின் பூவை ஆண்டுதோறும் பனி கருக்கிவிட, நாலு ஆண்டு காத்திருந்து, 1865இல் விதையோடு நடந்து வந்து கொடுத்தார். பிரிட்டிஷ் அரசு அதை வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு விதை வாங்கி ஜாவாவில் விதைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்தின் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது அந்த விதையால்தான். மறுபடி விதை சேர்க்கப் போன மமானி 1871இல் பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, பட்டினி கிடந்து, வெளியே வந்த சில நாளில் இறந்தார். அந்த மரத்துக்கு வைத்த பெயர் சின்கோனா லெட்ஜெரியானா.

ஒரு நாட்டின் மரம் இப்படி இன்னொரு நாட்டின் செல்வமான கதையில் நியாயம் எந்தப் பக்கம் என்பது தனி வழக்கு. நம் ஊர் அந்த வழக்கில் இரண்டு கூண்டிலும் நிற்கும். மூணாற்று மலைகளில் தேயிலைக்கு முன்னால் நட்டுப் பார்த்தவற்றில் சின்கோனாவும் ஒன்று. கொள்ளை போன செடியின் பலன் நமக்கும் வந்தது. மமானியை நான் இங்கே கொண்டுவந்தது வேறு காரணத்துக்காக. மார்க்கமின் துணிவும் ஸ்புரூஸின் படிப்பும் கொண்டுவர முடியாததை, எந்தத் தோப்பு, எந்த ஆண்டு என்று தெரிந்த ஒருவர் கொண்டுவந்தார்.

*

எந்த ஆண்டு என்பதைக் குரங்கணியில் குறிஞ்சி சொல்லிக்கொடுக்கும். 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொழுக்குமலைப் பக்கம் 2006இலும் 2018இலும் பூத்தது. இடைப்பட்ட 11 ஆண்டில் எப்போது வந்தாலும் பூ இல்லாத பச்சை, அவ்வளவுதான். இந்த மலைகளில் வாழும் முதுவர்கள் குறிஞ்சி பூத்த கணக்கில் வயது சொல்வார்கள். இந்த மலையில் தோட்ட வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரோடு நான் ஏறிய நாளில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

“பூக்காத வருசம் வந்துட்டு, இங்க குறிஞ்சியே இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாக தம்பி. பூத்த வருசம் வந்தவுக இதத் தவிர வேற ஒண்ணுமே இல்லம்பாக” என்றார்.

15 நாள் தங்கிச் செடி சேர்க்கும் எவருக்கும், எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்தப் 15 நாள்தான் மலை. அவர் எழுதிவைக்கும் தேதி அதனால்தான் முக்கியம். எந்த மாதத்து மலையைப் பார்த்தார் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெரியவரிடம் பாதையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர் இருந்தது. மரத்தின் பேரால் சில, பாறையின் பேரால் சில, அங்கே செத்துப்போன மாட்டின் பேரால் ஒன்று. அரசு வரைபடத்தில் இவற்றில் எதுவும் இல்லை. இந்தப் பெயர்கள் ஒரு தலைமுறைக்குள் போய்விடக்கூடியவை. ஜீப்பில் போகிறவர்களுக்கு அவ்வளவு பெயர்கள் தேவைப்படாது.

2018 என்றால் குரங்கணியில் குறிஞ்சிக்கு முன்னால் தீ ஞாபகம் வரும். அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி, மலையேற வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. அந்த மாலையில் கீழே இருந்து ஏறி, உடம்பு வெந்தவர்களைத் தோளிலும் போர்வையிலும் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கியவர்களில் இந்த மலை மக்கள் இருந்தார்கள். பாதை தெரிந்தவர்கள் அவர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. தீ பரவிய சரிவில் நின்றது ஆளுயரப் புல்: போதைப்புல், தைலப்புல் என்று இங்கே சொல்கிறார்கள். எண்ணெய்ச் சத்துள்ள புல், கோடையில் பொறி பட்டால் நிற்காது.

அந்தப் புல் அங்கே என்றைக்கும் இருந்ததா, மரம் போன இடத்தில் வந்து குடியேறியதா? தீயைத் தடுக்க நினைக்கிறவருக்கும், காட்டை மீட்க நினைக்கிறவருக்கும் இது முதல் கேள்வி. புல்வெளியாகவே இருந்த இடத்தில் மரம் நடுவது கேடு, மரம் நின்ற இடத்தைப் புல்லுக்கு விடுவதும் கேடு. இதற்குச் சாட்சி சொல்லக்கூடியது ஊரும் உயரமும் தேதியும் எழுதிய பழைய தாள். ‘பெனின்சுலா’ என்று எழுதிய தாள் அந்த மன்றத்தில் வாய் திறக்காது.

நல்ல தாள்கள் பிற்பாடு வந்தன. 1967இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் என்ற செடிக் காப்பகத்தைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ, ஒவ்வொரு மாதிரிக்கும் இடம், உயரம், தேதி, எண் என்று எழுதுவதை ஒரு நோன்பாக நடத்தினார். அவரும் அவருடைய குழுவும் தமிழகச் சமவெளியில் அப்படி நடந்தார்கள். 1999இல் பழனி மலைத் தாவரங்களுக்கு அவர் மூன்று பாகங்களில் நூல் தந்தார். கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலக் காப்பகத்திலும் இப்படிப்பட்ட தாள்கள் உண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டவர் ஆய்வுக்காகச் செடி எடுக்க வேண்டுமானால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் நாம் ஓர் இலை பறிப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மமானியின் கதை தெரிந்தவருக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். என் விருப்பம் இன்னும் ஒன்று: போடி, தேனிக் கல்லூரிகளில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் முறையான அனுமதியோடு இந்தச் சரிவுக்கு ஆண்டுதோறும் வரவேண்டும். ஒரே பாதையில், எல்லா மாதமும், ஊர்க்காரர் ஒருவரோடு. லண்டனிலிருந்து வந்தவருக்குக் கிடைக்காத 12 மாதமும் 12 ஆண்டும் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நான் உலர்த்திய செடி ஏலம்தான். தெரிந்தவர் தோட்டத்தில், அவர் சம்மதத்தோடு, ஒரு பூஞ்சரமும் ஓர் இலையும். சரத்தைப் பரப்பி வைப்பது எளிதாக இல்லை. கணுவுக்குக் கணு பூ விரிந்திருந்ததால் எப்படி வைத்தாலும் ஒன்று மடங்கியது. பெரியவர் பொறுக்காமல் வாங்கி, சரத்தை ஒரு முறை திருப்பி, தினத்தாளின் மேல் தாமே படிய வைத்தார். மேலே இன்னொரு தாள், அதற்கு மேல் பலகை, அதன் மேல் இரண்டு கல். மூன்றாம் நாள் தாள் மாற்றும்போது ஊதாக் கோடு பழுப்பாகியிருந்தது. வாசம் அப்படியே இருந்தது.

சீட்டை அவர் முன்னால் வைத்துத்தான் எழுதினேன். அறிவியல் பெயர், ஊர், உயரம், தேதி, சேகரித்தவர். இடம் என்ற கட்டத்தில் குரங்கணி என்று எழுதி நிறுத்தினேன்.

“குரங்கணின்னா எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாக? ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு போடுங்க” என்றார்.

ஓடைக்கு மேற்கே, முதுவாக்குடிப் பாதையில், என்று சேர்த்தேன். வழக்குப் பெயர் என்ற கட்டத்தில் ஏலம். காட்டியவர் என்று ஒரு கட்டம் அந்தச் சீட்டில் இல்லை. ஓரத்தில் கோடு போட்டு அவர் பெயரைக் கேட்டேன். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.